எங்கேயும் போகாத மலைப்பாதை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மலையும் கடலும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நின்ன ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜா நல்ல மனுஷர். "இந்த மலையிலே யாரும் வீடு கட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, வேலி போடக்கூடாது. மலையும் மணலும் எல்லாருக்கும் சொந்தம்"னு தண்டோரா போட்டுட்டார்.

மண்டூகன்னு ஒரு மந்திரவாதிக்கு அதைக் கேட்டு வயிறு எரிஞ்சது. மலை உச்சி அவனுக்கு மட்டும் வேணுமாம்! யாருக்கும் தெரியாம மலைப்பாதை மேலே ஒரு பிடி சாம்பலை ஊதிவிட்டான்.

அடிவாரத்திலே வடிவுன்னு ஒரு பொண்ணு. வாயைத் திறந்தா கேள்விதான். நண்டு ஏன் பக்கவாட்டிலே நடக்குது? அலைக்குத் தூக்கமே வராதா? கேட்டுக் கேட்டு ஊரையே ஒரு வழி பண்ணிடுவா. ஒரு நாள் காலையிலே அவ அண்ணன் தாணு மலையேறக் கிளம்பினான். வாசல் தாண்டினவனைப் பார்த்து, "அண்ணே, எங்கே போறே?"ன்னு கேட்டுட்டா.

அய்யய்யோ! கிளம்புறவங்களை அப்படிக் கேட்கலாமா? அம்மா தலையிலே அடிச்சுக்கிட்டா. "உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடா"ன்னு கெஞ்சினா. தாணு சிரிச்சுக்கிட்டே போயிட்டான். போனவன் திரும்பி வரலை. அவனுக்குப் பின்னாலே மலையேறினவங்களும் வரலை.

"உன் வாயாலேதான்டி என் பிள்ளை போனான்"னு சொன்ன அம்மா, அதோட மகள்கிட்டே பேச்சையே நிறுத்திட்டா. வடிவுக்குத் தாங்கலை. அண்ணனைக் கூட்டிக்கிட்டுத்தான் திரும்புவேன்னு அவளும் மலையேறினா.

ஏறினா, ஏறினா, ஏறிக்கிட்டே இருந்தா. ஒரு முந்திரிமரம் வந்தது. கீழே கடல் தெரிஞ்சது. ஏறினா, ஏறினா. அதே முந்திரிமரம், அதே கடல்! இன்னும் ஏறினா. மறுபடியும் அதே முந்திரிமரம். மரத்து மேலே ஒரு குரங்கு பழம் தின்னுக்கிட்டிருந்தது.

"மூணாவது தடவை வந்துட்டே! பாதை சுத்துது தாயி. உங்கண்ணனும் இதிலேதான் சுத்துறான்"னு குரங்கு சொல்லிச்சு.

"ஏன் சுத்துது?"

"என்னைக் கேட்டா? பாதையைக் கேளு."

வடிவுக்கு நாக்கு நுனிவரைக்கும் கேள்வி வந்துடுச்சு. ஆனா அன்னிக்குக் கேட்டதுக்கே அண்ணனைக் காணோம். இன்னிக்குக் கேட்டு வேற ஏதாவது ஆயிட்டா? இருந்தாலும் கேட்காம அவளாலே இருக்க முடியுமா? மண்ணைத் தொட்டு, "பாதையே, நீ எங்கே போறே?"ன்னு கேட்டா.

காலடியிலே புழுதி சிலிர்த்தது. "அப்பாடா! ஒருத்தியாவது கேட்டியே! நான் கடலுக்குப் போகணும் தாயி. மண்டூகன் என்னை வளைச்சுக் கட்டிப்போட்டான். எங்கே போறேன்னு யாராவது கேட்டா கட்டு அவிழும். இந்த ஊர்க்காரங்க சாகுற வரைக்கும் அதைக் கேட்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும்!"

சொல்லிக்கிட்டே பாதை, சுருட்டின பாயை உதறி விரிச்ச மாதிரி கடலைப் பார்க்க விரிஞ்சு ஓடிச்சு. சுத்திக்கிட்டிருந்த சனமெல்லாம் சறுக்கிக்கிட்டு வந்து மணல்லே விழுந்தது. தாணுவும் விழுந்தான்! உச்சியிலே நின்ன மண்டூகன், "நில்லு! நில்லு! நில்லு!"ன்னு கத்திக்கிட்டே சறுக்கி நேரா அலைக்குள்ளே போனான். இடுப்புப் பையிலே இருந்த சாம்பல் கரைஞ்சது, மந்திரமும் கரைஞ்சது. வலைக்காரங்கதான் அவனை இழுத்துப் போட்டாங்க. பாதையிலே விழுற சருகைக் கூட்டுற வேலையை ராஜா அவனுக்குக் கொடுத்தார்.

அம்மா ஓடி வந்து மகனைக் கட்டிக்கிட்டு அழுதா. பாதை பேசினது தாணு காதிலேயும் விழுந்திருந்தது; தங்கச்சி கேட்ட கேள்வியாலேதான் எல்லாரும் தப்பிச்சாங்கன்னு சொன்னான். வடிவு தள்ளியே நின்னா. கிட்டே போக அவளுக்குப் பயம்.

அம்மா முந்தானையாலே முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்து வந்து மகள் கையைப் பிடிச்சா.

"ஏண்டி வடிவு, அங்கே மேலேயிருந்து பார்த்தா கடல் எப்படிடி இருக்கும்?"

"வாம்மா, காட்டுறேன்"னா வடிவு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே மலையேறினாங்க.