உடும்பன் கையும் ஒரே இரும்புக் கத்தியும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஒரு ராஜாவுக்கு வேட்டைப் பித்து தலைக்கேறிக் கிடந்தது. அவர் இடுப்பில் தொங்கியது மந்திரி அனந்தராயர் செய்துகொடுத்த கத்தி. பிடி முழுக்க மாணிக்கம். அலகை அந்தப் பிடிக்குள் ஒரு விரற்கடை மட்டும் செருகி, அரக்கு ஊற்றி ஒட்டியிருந்தார்கள். கொலுவில் வைக்கலாம்; காட்டுக்கு ஆகுமா?

ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று ராஜாவைக் குதிரையிலிருந்து தள்ளிவிட்டது. அவர் கத்தியை ஓங்கிக் குத்தினார். அலகு கழன்று விழுந்தது, பிடி மட்டும் கையில் நின்றது. பன்றி மறுபடி பாய்வதற்குள், வழிகாட்ட வந்த வேடன் உடும்பன் குறுக்கே விழுந்து தன் கத்தியால் அதைக் குத்திச் சாய்த்துவிட்டான். அது என்ன பெரிய கத்தி? நுனியிலிருந்து பிடி முடிகிற வரைக்கும் ஒரே இரும்பு, பிடியின் இருபுறமும் புளியமரச் சில்லு, அவ்வளவுதான். எலும்பில் இறங்கியும் அதன் வாய் மழுங்கவில்லை.

ராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் உடும்பனைச் சபைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கப் போனார். மந்திரிக்கு வயிறு எரிந்தது. தன் கத்தியின் லட்சணத்தைப் பார்த்து ஊரே சிரிக்குமே! உடனே ஒரு பழைய ஓலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிழலைக் கண்டாலும் நடுங்கிய பாட்டனார் ராஜா போட்ட சட்டம் அது. அரசருக்கு முன்னால் குடிகளில் எவன் கத்தி பிடித்தாலும், காரணம் எதுவானாலும், பிடித்த கையை அரசர் கண்ணெதிரிலேயே அதே கத்தியால் வெட்ட வேண்டுமாம். பாட்டனாரின் சட்டங்களைக் காப்பதாகச் சத்தியம் செய்துதான் ராஜா முடி சூடியிருந்தார்.

உடும்பன் தன் வலக்கையைப் பார்த்தான். வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு போடுகிற கை. ராஜா கண் கலங்கிப்போய், சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் சொக்கப்பனிடம் வழி கேட்டார். வழி சொல்லத் தெரியாவிட்டால் விகடன் கையும் சேர்ந்து போகட்டும் என்று மந்திரி இடையில் ஒரு வார்த்தை போட்டுவைத்தார்.

சட்டத்தில் ஓர் எழுத்தும் தப்பக்கூடாது என்று சொன்ன சொக்கப்பன், உடும்பனின் கத்தியைத் தட்டில் வைத்து மந்திரியிடம் நீட்டினான்.

"மந்திரியாரே, சட்டத்தின் மேல் தங்களைவிடப் பக்தி யாருக்கு உண்டு? தாங்களே வெட்டுங்கள்."

மந்திரி ஆசையாகக் கையை நீட்டினார்.

"தாராளமாகப் பிடியுங்கள். அரசருக்கு முன்னால்தான் பிடிக்கிறீர்கள், காரணம் எதுவானாலும் என்று ஓலையில் இருக்கிறது. அடுத்து தங்கள் கையை வெட்டத் தளபதி பிடிப்பார். அவர் கையை வெட்ட..." என்று சபையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

சுடுபானையைத் தொட்டவர்போல் மந்திரி கையை இழுத்துக்கொண்டார். தளபதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சட்டம் அப்படியே இருக்கட்டும், மன்னா. நிறைவேற்ற ஆள் கிடைக்கும்வரை இந்தக் கை உடும்பனிடமே இருக்கட்டும்" என்றான் சொக்கப்பன்.

ராஜா கிரீடம் சாயச் சாயச் சிரித்தார். பிறகு சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, உடும்பனின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கைக்கு நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது, அப்பா."

ஆனாலும் கொடுத்தார். உடும்பனுக்குக் காட்டோரம் நல்ல நிலமும் வீடும். சொக்கப்பனுக்குத் தன் கழுத்து முத்துமாலை. உடும்பனுக்கு அந்த நிலமும் வீடும் கண்ணில் படவே இல்லை. தப்பிய அந்த வலக்கையால் சொக்கப்பனின் கையைப் பிடித்தவன், அரண்மனை வாசல் தாண்டும்வரை விடவில்லை.