பக்கத்து வீட்டு மார்க்

"சாமி, அந்தப் புள்ளைக்கு மார்க் குறையணும்னு நேத்து மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அங்கயற்கண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்டக்டர் சாமி மோர்ப்பானையைக் கலக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு குறையணும்?"

"சாமி?"

"வேண்டும்போது தெளிவா வேண்டணும்ல அக்கா. எவ்வளவு?"

அவள் உண்மையாகவே யோசித்தாள்.

"என் மகளைவிட ஒரு மார்க்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு போதும் சாமி. அந்த ஒரு மார்க்ல நான் நிம்மதியாத் தூங்கிருவேன்."

சாமி ஒரு டம்ளர் மோர் ஊற்றி, சைக்கிளில் வந்து நின்ற பெரியவரிடம் நீட்டினார்.

ஊருக்குப் பாதை பிரியும் செங்குளம் விலக்கில், மெயின் ரோட்டோரம், கோடை முழுக்க சாமியுடைய தண்ணீர்ப்பந்தல் இருக்கும். வயது முப்பத்தெட்டு. காவி கிடையாது. பழைய காக்கிச் சட்டையும் வெள்ளை வேட்டியும்தான். பதினோரு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஒருநாள் இதே விலக்கில் இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், "இறங்கிட்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மனசில் உள்ளதைச் சொல்ல அவரிடம் வந்து உட்காருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அங்கயற்கண்ணி ஆறு வருஷமாக வருகிறாள். அவரைவிட ஆறு வயது மூத்தவள்.

"பக்கத்து வீட்டு முத்துமாரின்னா சின்னதுல இருந்தே அப்படித்தான் சாமி," என்று அவள் தொடர்ந்தாள். "என் மக டியூசன் போறா. அவ போகல. ராத்திரி வந்து டியூசன் நோட்டை வாங்கிட்டுப் போவா, காலையில கொண்டாந்து குடுத்துருவா. குடுன்னு சொன்னதே நான்தான். அரையாண்டுல என் மகளைவிட அறுபது மார்க் கூட. ரிவிஷன்ல எழுபது. அவ அம்மா இட்லி மாவு ஆட்டிக் குடுத்துப் பொழைக்கிறா. அப்பன் கிடையாது. வீட்டுல ஒரு மேஜை கிடையாது. எப்படி சாமி?"

சாமி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாவம்னுதான் நினைச்சேன். பாவமாவே இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல."



"அக்கா," என்றார் சாமி. "வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. முத்துமாரி, முத்துமாரின்னு இருபது தடவை சொல்லிட்டீங்க. உங்க பொண்ணு பேரை இன்னும் சொல்லல."

அங்கயற்கண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தர்ஷினி," என்றாள் மெதுவாக.

சாமி பானைக்கு ஈரத்துணி சுற்றப் போய்விட்டார்.

*

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். காலை பத்து மணிக்கு என்று டிவியில் சொன்னார்கள்.

ஒன்பது மணிக்கே தர்ஷினி தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"யாரும் எனக்கு மார்க் சொல்லக் கூடாது. நானா கதவைத் திறந்து கேப்பேன்."

பக்கத்து வீட்டில் முத்துமாரியின் அம்மா பாக்கியத்தாய் அன்று மாவு ஆட்டவில்லை. திருப்பூரிலிருந்து அவளுடைய தம்பி சீனிராஜ் வந்திருந்தான். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வந்ததும் அக்காளிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"ஐநூறுக்கு மேல வந்தா நான் வாயைத் திறக்கல. படிக்கட்டும். இல்லேன்னா என்கூட வரட்டும், துணி செக்கிங்ல சேர்த்துவிடுறேன். உன்னால இனி முடியாதுக்கா."

பாக்கியத்தாய் சரி என்றாள். ஒரு பையில் மகளின் துணிமணிகளை எடுத்துவைத்தாள். திருப்பூர் போக, பதினோரு மணிக்கு விலக்கில் மதுரை பஸ். அதை விட்டால் நாலு மணிக்குத்தான் அடுத்தது. அதில் போனால் சீனிராஜுக்கு ஷிஃப்ட் தவறிவிடும்.

இதெல்லாம் அங்கயற்கண்ணிக்குத் தெரியும். பாக்கியத்தாயே வந்து சொன்னாள்.

இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் போன் நம்பர் கேட்டபோது பாக்கியத்தாயிடம் போன் இல்லை. "மதினி, உங்க நம்பரைக் குடுத்துக்கவா?" என்று கேட்டாள். "இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்று அங்கயற்கண்ணி பெருமையோடு சொன்னாள். சீனிராஜிடம் இருப்பதும் பட்டன் போன்தான், அதில் நெட்டில் பார்க்க முடியாது.

அதனால் இரண்டு பிள்ளைகளின் மார்க்கும் அவளுடைய போனுக்குத்தான் வர வேண்டும்.

பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது.

முத்துமாரி. மொத்தம் 587.

அங்கயற்கண்ணி இரண்டாம் தடவை படித்தாள். மூன்றாம் தடவை படித்தாள். தமிழில் தொண்ணூற்றெட்டு. கணக்கில் நூறு.

தன் மகளுடையது வரவில்லை.

"மதினி, வந்துருச்சா?"

வாசலில் பாக்கியத்தாய் நின்றாள். பின்னால் முத்துமாரி. அந்தப் பிள்ளை தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் பின்னியிருந்தது.

அங்கயற்கண்ணி போனைச் சேலை மடிப்புக்குள் வைத்தாள்.

"இன்னும் வரல."

"ரெண்டு பேருக்குமேவா?"

"சிக்னலே இல்ல. மெயின் ரோட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாரேன்."

வெயிலில் குடைகூட எடுக்காமல் நடந்தாள். வழியில் போர்செட்டுப் பக்கம் நின்று இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாள். எண் மாறவில்லை.

*

பந்தலில் ஆள் இல்லை. சாமி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எனக்கு நெஞ்சு எரியுது."

அவர் கை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

படித்தார்.

"நல்லாப் படிக்கிற புள்ள," என்றார்.

"அவகிட்ட இன்னும் சொல்லல."

"சரி."

"சொல்லணும்னு தெரியும். வாய் வரல சாமி. என் மகளுது வரட்டும், சேத்துச் சொல்லிக்கலாம்னு…"

"சரி."

"என்ன சாமி, எல்லாத்துக்கும் சரிங்கிறீங்க? திட்டுங்களேன்."

சாமி திட்டவில்லை. இன்னொரு டம்ளரை வலது கையால் எடுத்துக் கவிழ்த்தார். போன் அவருடைய இடது கையிலேயே இருந்தது.

அது ஒருமுறை அதிர்ந்தது.

அங்கயற்கண்ணி எழுந்துவிட்டாள்.

"தர்ஷினியுதா?"

சாமி பார்த்தார். நிதானமாகப் படித்தார். பிறகு போனைக் காக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"ஆமா."

"எவ்வளவு சாமி?"

அவர் குடத்தைத் தூக்கிப் பானையில் தண்ணீர் ஊற்றினார்.

"சாமி! எவ்வளவு?"

"உட்காருங்க அக்கா."

"பாஸ்தானே? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் பானை மூடியைத் தேடினார். கிடைத்தது. மூடினார்.

அங்கயற்கண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஒரு பாடத்தில் போயிருக்குமோ? பிசிக்ஸ் கஷ்டமாக இருந்தது என்று அழுதாளே. போயிருந்தால் எப்படிச் சொல்வது? கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறாளே தனியாக.

பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"விளையாடாதீங்க சாமி. பெத்த வயிறு. இப்படி ஒருத்தர் மார்க்கைப் பையில வச்சுக்கிட்டு நிக்கலாமா?"

சாமி அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தார்.

"இது வந்து எவ்வளவு நேரம் ஆச்சு அக்கா?"

"இப்பதான். அஞ்சு நிமிஷம்."

"அந்தப் புள்ளையுது?"



லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருவேல மரத்தடியில் ஒரு ஆடு நின்றிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

*

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

அதே நேரம் ஊருக்குள்ளிருந்து மூன்று பேர் வேகமாக நடந்து வந்தார்கள். முன்னால் சீனிராஜ், தோளில் பை. பின்னால் பாக்கியத்தாய். அவள் கையைப் பிடித்தபடி முத்துமாரி.

"ரிசல்ட் வந்தா போன்ல சொல்லட்டும்க்கா," என்று சீனிராஜ் சொல்லிக்கொண்டே வந்தான். "வண்டியை விட்டா என் வேலை போயிரும். அங்க போய்ப் பாத்துக்குவோம்."



முத்துமாரி அங்கயற்கண்ணியைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அத்தை, தர்ஷினிக்கு வந்துருச்சா?"

அங்கயற்கண்ணி சாமியின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"அவ கதவைத் திறக்கவே இல்ல அத்தை. வெளிய நின்னு கூப்பிட்டேன், பேசல. நான் போறேன்டி, எல்லாம் நல்லா வரும், பயப்படாதன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சீக்கிரம் வீட்டுக்குப் போங்க. அவ தனியா இருக்கா."

பஸ் வந்து நின்றது. புழுதி எல்லார் மேலும் படிந்தது.

சீனிராஜ் ஏறினான். பையை உள்ளே வைத்தான். திரும்பி முத்துமாரிக்குக் கை கொடுத்தான்.

அங்கயற்கண்ணி சாமியைப் பார்த்தாள். சாமி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துமாரி படியில் ஒரு கால் வைத்தாள்.

"ஏறாத!"

அங்கயற்கண்ணியின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஓடிப்போய் அந்தப் பிள்ளையின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். சடை இன்னும் ஈரமாக இருந்தது.

"ஐநூத்தி எண்பத்தேழு. உனக்கு ஐநூத்தி எண்பத்தேழு. கணக்குல நூத்துக்கு நூறு."

முத்துமாரிக்குப் புரியவில்லை. படியில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"எப்ப வந்துச்சு?" என்று சீனிராஜ் கேட்டான்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"பத்தேகாலுக்கு முன்னாலயே வந்துருச்சு," என்றாள் அங்கயற்கண்ணி. "நான்தான் சொல்லல."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்று பஸ் கண்டக்டர் சத்தம் போட்டார்.

சீனிராஜ் பையை எடுத்துக் கீழே கொடுத்தான். முத்துமாரி வாங்கிக்கொண்டாள்.

"நான் வாயைத் திறக்கலம்மா," என்றான் மருமகளிடம். அவன் கண் கலங்கியிருந்தது. "படி."

பஸ் கிளம்பியது.

முத்துமாரி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பாக்கியத்தாய் மகளைத் தூக்கி நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு அங்கயற்கண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். மாவு மில்லுக்கும் ரேஷன் கடைக்கும் பதினைந்து வருஷம் கூடவே நடந்தவள், அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"வாரோம் மதினி," என்றாள். அவ்வளவுதான்.

தாயும் மகளும் ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

*

சாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

அங்கயற்கண்ணி பார்த்தாள்.

தர்ஷினி. மொத்தம் 509. எல்லாப் பாடத்திலும் பாஸ். பிசிக்ஸில் எழுபத்தாறு.

நல்ல மார்க். நேற்று யாராவது இதை அவள் கையில் கொடுத்திருந்தால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பாள்.

ஆனால் மனம் அதற்குள் கழித்துப் பார்த்துவிட்டது. எழுபத்தெட்டு குறைவு.

பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"சாமி."

"சொல்லுங்க அக்கா."

"ஊர் முன்னால ஒத்துக்கிட்டேன். அந்தப் புள்ள சந்தோசத்தையும் கண்ணால பாத்தேன். அப்பவும் எரியுதே சாமி. ஒரு சொட்டுக்கூடக் குறையல."

சாமி ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது.

"எரியட்டும் அக்கா," என்றார். "அந்தப் புள்ளைய ஏத்தாம பஸ் போயிருச்சு."