கவுன்சிலர் காரின் நீல வெளிச்சம்

கவுன்சிலர் வேலாயுதசாமிக்கு ஜொலிக்க ஆசை. புதுக் காரை எலக்ட்ரீஷியன் பீர்முகமது கடையில் நிறுத்தினார்.

“உள்ளே நீல எல்.ஈ.டி. மாட்டு. நான் ஜனங்களைப் பார்க்கப் போனா காரே ஜொலிக்கணும். ஆனா பேட்டரி டவுன் ஆகக் கூடாது. ஆச்சுன்னா நீ இங்க கடை நடத்த முடியாது.”

பீர்முகமது யோசித்து மாட்டிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் மழை கொட்டி வார்டே மிதந்தது. வீடுகளில் தண்ணீர் புகுந்த ஜனமெல்லாம் கடையில் ஒதுங்கி நின்றது. கவுன்சிலரின் கார் வந்தது. கண்ணாடியை மட்டும் இறக்கிக் கத்தினார்.

“வீட்டுல ஏறும்போது எரிஞ்சுது. வெள்ளம் பார்க்க வார்டு பூராச் சுத்தினேன், ஒரு தெருவுலகூட எரியலடா!”

பீர்முகமது கார்க் கதவைத் திறந்தான். உள்ளே நீலமாக ஜொலித்தது.

“கதவைத் திறந்தா எரியுற மாதிரி வயர் இழுத்தேங்கய்யா. ஜனங்களைப் பார்க்கன்னா இறங்குவீங்கன்னு நினைச்சுட்டேன்.”