செவலையின் கதவு

ஒரு சமயம் சிங்காநல்லூரில் இருந்த ஒரு பட்டறைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. பழுத்த மிளகாயின் சிவப்பு. பட்டறைக்காரர் மயில்சாமி அதை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, மாட்டுக்குப் பெயர் வைப்பதுபோல அதற்குச் செவலை என்று பெயர் வைத்தார்.

செவலையை வாங்கியிருந்தவர் வசுந்தரா. பல் டாக்டர். மூடிப்போன ஒரு மில் முதலாளியின் பங்களா போர்ட்டிகோவில் உறைபோட்டு நின்றிருந்த காரை, பல தடவை நடையாக நடந்து கேட்டு வாங்கியிருந்தார். தீபாவளி கழிந்ததும் பழைய கார்களெல்லாம் வரிசையாகக் குன்னூர் மலையேறும் ஓர் ஊர்வலம் உண்டு. அதில் செவலையைத் தானே ஓட்டிப் போகவேண்டும் என்பது அவர் ஆசை.

வேலை நன்றாகவே நடந்தது. இஞ்சின் பேசியது. விளக்குகள் எரிந்தன. பழைய பெயிண்டைச் சுரண்டி, பள்ளமான இடங்களில் பட்டி மாவு பூசித் தேய்த்தாகிவிட்டது. சக்கரங்களை மாற்றிவிட்டால் புதுப் பெயிண்ட் அடிக்கவேண்டியதுதான்.

சக்கரங்களைக் கழற்ற மயில்சாமி செவலையை ஜாக்கியில் ஏற்றினார். உள்ளே விழுந்த ஒரு போல்ட்டை எடுக்கக் கதவைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. காரைக் கீழே இறக்கியதும் அதே கதவு தானாகத் திறந்துகொண்டது.

"வயசாச்சல்ல, ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்யும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் சாப்பிடக் கிளம்பினார்.

மனிதர்கள் காதில் விழாதபடிதான் பட்டறையில் பொருள்கள் பேசும்.

"நீ ஏன் திறக்கலை?" என்று செவலை கதவைக் கேட்டது.

"நீ ஏன் என்னைக் கடிச்சே?" என்று கதவு திருப்பிக் கேட்டது.

"நான் எங்கே கடிச்சேன்?"

"ஜாக்கியில ஏறினதும் நடுவுல ஒரு நூல் அளவு வளைஞ்சே. அந்த ஒரு நூல்ல நான் மாட்டிக்கிட்டேன். நான் கதவு. திறக்கறதும் மூடறதும்தான் என் வேலை. உன்னை நிமிர்த்திப் பிடிக்கறதும் என் வேலையா?"

செவலைக்கு அது புதுச் செய்தி. தான் வளைவோம் என்று அதற்குத் தெரியாது. அதன் வெளிப்பக்கத்தை அது நன்றாக அறியும். மில் அலுவலகத்துக் கண்ணாடிகளில் எத்தனையோ முறை தன்னைப் பார்த்திருக்கிறது. ஆனால் தனக்குள் என்ன இருக்கிறது என்று அது ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தது. நினைக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

"எனக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டது.

"தேடாதே அம்மிணி" என்றது பட்டி. கதவுக்குக் கீழே வழவழவென்று பூசியிருந்த இடத்திலிருந்து அது பேசியது. "தேடினா கிடைக்கும். கிடைச்சா என்ன ஆகும்னு அந்த மூலையைப் பாரு."

மூலையில் இன்னொரு பழைய காரின் கூடு கிடந்தது. அதன் இஞ்சின் ஒரு ஊருக்கும் விளக்குகள் இன்னொரு ஊருக்கும் போயிருந்தன. கண்ணிருந்த இடத்தில் இரண்டு வட்டப் பொந்துகள்.

"அதையும் முதல்ல சும்மா தட்டித்தான் பார்த்தாங்க" என்றது பட்டி. "அடுத்த வாரம் உனக்குப் பெயிண்ட். அதுக்கு மேல பாலிஷ். ஊரே நின்னு பார்க்கும். நடுவுல எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

"மலைப் பாதையில கொண்டை ஊசி வளைவுல இவ மடங்கினா?" என்றது கதவு. "உள்ள அந்த டாக்டரம்மா உட்கார்ந்திருப்பாங்க."

"நான் பிடிச்சுக்குவேன்" என்றது பட்டி.

"நீயா? நேத்துக் குழைச்ச மாவு நீ."

"மாவுதான். இல்லைங்கலை. என் மேல கை வெச்சுப் பாரு, எங்க பள்ளம் எங்க மேடுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

உண்மையில் கதவால் சொல்ல முடியாது.

பட்டி குரலைத் தாழ்த்தியது. "அம்மிணி, மறுபடியும் ஜாக்கியில ஏத்துவாங்க. அப்ப மூச்சைப் பிடிச்சுக்கோ. வழக்கமாப் பிடிக்கறதைவிடக் கொஞ்சம் இறுக்கி. அவ்வளவுதான்."

வழக்கமாகவா? செவலை யோசித்துப் பார்த்தது. ஆமாம். யாராவது ஏறி உட்காரும்போதெல்லாம், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எல்லாக் கார்களும் அப்படித்தான் இருக்கும் என்று இதுவரை எண்ணியிருந்தது.

மாலையில் வசுந்தரா வந்தார். மயில்சாமி புதுச் சக்கரங்களை மாட்டச் செவலையை மறுபடி ஜாக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பிடி, பிடி" என்றது பட்டி.

செவலை மூலையில் கிடந்த கூட்டைப் பார்த்தது. பிறகு வசுந்தராவைப் பார்த்தது. அவர் கதவின் கைப்பிடியில் கைவைத்து நின்றிருந்தார். மூச்சை விட்டால் என்ன ஆகும் என்று அதற்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது.

விட்டது.

கதவு இறுகியது. வசுந்தரா இழுத்தார்.

"ஏனுங்ணா, கதவு வரமாட்டேங்குது?"

"கீழ இறக்கினா வந்துருங்க டாக்டரம்மா."

"அதென்னங்ணா, தூக்கினா மூடிக்குது, இறக்கினா திறந்துக்குது?"

"எல்லாம் வயசுங்க. உங்ககிட்ட வர்ற கிழவங்களுக்கு வாய் முழுசாத் திறக்குதுங்களா?"

"திறக்கலைன்னா ஏன்னு பார்ப்பேனுங்க. ஊசியைப் போட்டு அனுப்பிற மாட்டேன்."

மயில்சாமி சிரித்தார். வசுந்தரா சிரிக்கவில்லை. தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்தார். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, உள்ளே காலியான நீளமான இரும்புப் பெட்டி ஒன்று ஓடுகிறது. கூரையில்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. வசுந்தரா முன்பக்கத்திலிருந்து அதை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். நடுவில் வந்ததும் தொப்பென்றது.

"இங்க சத்தம் மாறுதுங்ணா."

மயில்சாமியின் முகமும் மாறியது. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். காலையில் கதவு இறுகியபோதே ஒரு சந்தேகம் வந்தது. ஊர்வலத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொன்ன வாக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது அவர் பேசாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். பட்டி பிளந்து அப்பளம்போல் உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது பின்னாலேயே காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது.

"அட" என்றார் மயில்சாமி. தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"என் பேச்சை யாரு கேக்கறாங்க" என்றது தரையில் துண்டு துண்டாகக் கிடந்த பட்டி.

ஓட்டைக்குள்ளிருந்து துரு எட்டிப் பார்த்தது. வெளிச்சம் அதன் கண்ணைக் கூசச் செய்தது.

"நீதான் என்னைத் தின்னியா?" என்று செவலை கேட்டது. அதன் குரலில் கோபத்தைவிட அறியும் ஆவலே அதிகம் இருந்தது.

"தின்னேன். பொய் சொல்லலை" என்றது துரு. "ஆனா நானா யாரையும் தேடிப் போறதில்லை. தண்ணி எங்க நிக்குதோ அங்க இருப்பேன். உனக்குள்ள தண்ணி ஏன் நின்னுதுன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சிருக்கேன்."

மயில்சாமி தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டாக்டரம்மா, பெட்டிக்கு அடியில தண்ணி போறதுக்குன்னு செஞ்சவங்களே ஓட்டை விட்டிருப்பாங்க. ரெண்டு பக்கமும் யாரோ தாரை வெச்சு அடைச்சிருக்காங்க. தானா அடைச்சதில்லைங்க. விரல்ல அமுக்கின தடம் இருக்கு."

"எதுக்குங்ணா அப்படிப் பண்ணினாங்க?"

"எனக்கெப்படிங்க தெரியும்?"

அவர் டீ சொல்ல வெளியே போனார். வசுந்தராவும் முகம் கழுவப் போனார். அடி ஓட்டையில் கருப்பாக ஒட்டிக்கொண்டிருந்த தார் தொண்டையைச் செருமியது.

"நான் சொல்றேன்" என்றது. "ஆயுத பூஜைக்கு உன்னைப் போர்ட்டிகோவுல நிறுத்திக் குழாய் போட்டுக் கழுவுவாங்க. உள்ள வெளிய எல்லாம். அப்புறம் நாலு சக்கரத்தையும் சுத்திக் கோலம், சந்தனம், குங்குமம். ஆனா நீ சொட்டிக்கிட்டே இருப்பே. மணிக்கணக்கா. கோலம் கரைஞ்சு ஓடும். முதலாளியம்மா முகம் சுளிப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா இப்படி அழுதுக்கிட்டே நிக்குதேன்னாங்க. அதனால என்னை உருக்கி அடைச்சாங்க. அதுக்கப்புறம் நீ ஒரு சொட்டு விடலை. கோலம் அப்படியே இருந்துது. எல்லாருக்கும் சந்தோஷம்."

"கழுவறதை நிறுத்தினாங்களா?"

"அதெப்படி நிறுத்துவாங்க? வருஷா வருஷம் கழுவினாங்க. உன் மேல அவ்வளவு பிரியம்."

கதவு மெல்ல ஒருமுறை கிரீச்சிட்டது.

டீ வந்தது. மயில்சாமி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

"உண்மையைச் சொல்லிர்றேனுங்க. ரெண்டு பக்கப் பெட்டியையும் வெட்டி எடுக்கோணும். ஊர்வலத்துக்குள்ள ஆகாது. வேண்டாம்னா, மெட்ராஸ்ல ஒருத்தர் இந்த இஞ்சினைக் கேட்டுட்டே இருக்காரு. விளக்குக்கும் ஆளிருக்கு. பிரிச்சுக் குடுத்தர்லாம்."

செவலை மூலைப் பக்கம் பார்க்கவில்லை.

"வெட்டினா இது ரெண்டா மடங்கிராதுங்களா?" என்று வசுந்தரா கேட்டார்.

"அவசரப்பட்டு வெட்டினா மடங்கும். அப்புறம் எந்தக் கதவும் அதுக்குச் சேராது. அதனால முதல்ல கதவைக் கழட்டிட்டு, அந்த வாசல்ல குறுக்கால இரும்பு முட்டு வெச்சு வெல்டு பண்ணிரோணும். ஒரு பக்கம் முழுசா முடிச்சப்புறம்தான் மறுபக்கம் கை வைக்கோணும். வெட்டவெட்டக் கதவை மாட்டி மாட்டிப் பார்த்துக்கோணும்."

"செஞ்சிருக்கீங்களா?"

"ஒருக்கா செஞ்சேன். முட்டு வெக்காம. அதுதான் அங்க மூலையில கிடக்குதுங்க."

வசுந்தரா மூலையைப் பார்த்தார். பிறகு மயில்சாமியைப் பார்த்தார்.

"பல்லு ஆடுதுன்னு வர்றவங்களுக்கெல்லாம் புடுங்கியே விட்டா, ஊர்ல எல்லாரும் பொக்கை வாயாத் திரிவாங்க. ஊர்வலம் அடுத்த வருஷமும் போகுமுங்ணா. முட்டு வெச்சு வெட்டுங்க."

வெட்டினார்கள். தீப்பொறி பறந்தது. துரு செதில் செதிலாகத் தரையில் விழுந்தது. போகும்போது அது யாரையும் திட்டவில்லை. வாசலில் குறுக்கே நின்ற முட்டு வாயே திறக்காத ஆள். வேலை முடியும்வரை சுமந்தது. முடிந்ததும் அறுத்து எடுத்துப்போய்ச் சுவரில் சாய்த்தார்கள்.

புதுப் பெட்டிக்கு வந்த இரும்புத் தகடு பளபளவென்று இருந்தது. மயில்சாமி அதை மடித்தபோது பொறுத்துக்கொண்டது. அதன் அடியில் ட்ரில்லை வைத்தபோது மட்டும் பதறியது.

"நான் புதுசு. எனக்கு எதுக்கு ஓட்டை?"

"ஓட்டை பிடிக்கலைன்னா சொல்லு, நான் வரேன்" என்றது, சுரண்டி எடுத்துத் தகரத் துண்டில் போட்டிருந்த தார்.

"நீ பேசாம இரு" என்றது கதவு.

"தண்ணியே உள்ள வராம பார்த்துக்க முடியாதா?" என்று தகடு கேட்டது.

"எனக்குக் கூரை இல்லை" என்றது செவலை.

தகடு ட்ரில்லுக்கு இடம் கொடுத்தது.

மறு வருஷம் ஊர்வலத்தன்று மலைப் பாதையில் பர்லியாறு தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. மற்ற கார்கள் கூரைக்குள் ஒண்டிக்கொண்டன. வசுந்தரா ரெயின்கோட்டோடு நனைந்துகொண்டே ஓட்டினார். பக்கத்து இருக்கையில் மயில்சாமி தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கதவு இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தபடி வந்தார். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. வசுந்தரா பிரேக்கை ஓங்கி மிதித்தார். செவலை குலுங்கி நின்றது. இடுக்கு அப்படியே இருந்தது. மயில்சாமி விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வைக்கவில்லை.

குன்னூரை நெருங்கும்போது காட்டேரி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். மழை விட்டிருந்தது. கதவு ஒரே விரல் இழுப்பில் திறந்தது. செவலையைப் பார்க்கக் கூட்டம் கூடியது. டீக்கடைக்காரர் குனிந்து அடியில் பார்த்தார்.

"அக்கா, வண்டி ஒழுகுது. அடியில சொட்டுச் சொட்டா ஊத்துது."

வசுந்தரா தம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒழுகுதுங்களா?"

கடைக்காரர் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "ஆமாக்கா. ரெண்டு பக்கமும்."

"அப்பச் சரிங்க. இன்னொரு டீ போடுங்க."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, செவலை தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டு நின்றது.