கருப்பாயி சுட்ட பழக் கேக்

"என்ன கருப்பாயி, இந்த வருஷமாவது கேக் வேகுமா?" என்று மரத்தில் தொங்கிக்கொண்டே கேட்டான் சிங்காரம் என்ற குரங்கு.

கீழே மாவு பிசைந்துகொண்டிருந்த கருப்பாயிக் கரடிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாவைத்தான் இன்னும் அழுத்திப் பிசைந்தாள். குரங்கு கேட்டதில் தப்பில்லையே!

பனிக்காலம் தொடங்கியதும் அந்தக் காட்டுக் குளத்துக்கு வாலாட்டிக் குருவிகள் வரும். மலை மலையாகத் தாண்டி, களைத்துப்போய் வரும். வந்த அன்றைக்குக் கருப்பாயியின் குகை வாசலில் பண்டிகை விருந்து. விருந்து பிடித்துவிட்டால் பனி முடியும்வரை குளத்தங்கரையிலேயே தங்கிவிடும். ஈ, கொசு, உண்ணி எதையும் விட்டுவைக்காது.

போன வருஷம் குருவிகள் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டன. அடுப்பில் கேக் பாதிதான் வெந்திருந்தது. "வந்தவங்களை வெறும் வாயோட உட்கார வைக்கிறதா? என் மானம் என்ன ஆகிறது!" என்று பதறினாள் கருப்பாயி. பானையை இறக்கினாள், வெட்டினாள், பரிமாறினாள். மேலே கேக், உள்ளே கூழ்! குருவிகள், பாவம், மரியாதை தெரிந்தவை. "பிரமாதம்! பிரமாதம்!" என்று சொல்லி விழுங்கி வைத்தன. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டன. மறுநாளே "போய்ட்டு வர்றோம்" என்று அடுத்த மலைக் குளத்துக்குப் பறந்துவிட்டன.

அவ்வளவுதான், ஈக்களுக்கும் உண்ணிகளுக்கும் கொண்டாட்டம். கருப்பாயியின் குட்டிக்கு உண்ணி கடித்துக் காதே புண்ணாகிவிட்டது. சொறிந்து சொறிந்து அழும். "அம்மா, குருவிங்க எப்ப வரும்?" என்று கேட்கும். பெற்ற வயிறு எரியாதா? இந்த வருஷமும் குருவிகள் தங்காமல் போனால் பிள்ளையின் காது என்ன கதி ஆவது?

அதனால் கருப்பாயி பத்து நாள் முன்னாலேயே வேலையை ஆரம்பித்திருந்தாள். பலாச்சுளை, நாவல், நெல்லி எல்லாவற்றையும் உலர்த்திக் கெட்டிக் காபி டிகாக்‌ஷனில் ஊறப்போட்டாள். இன்றைக்குத் தினை மாவில் அந்த ஊறிய பழங்களும் தேனும் மலைவாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்தாள். மாவு பொங்கப் புளித்த பதநீர் ஒரு சிரட்டை ஊற்றினாள். முட்டை மட்டும் சேர்க்கவில்லை. வருகிற விருந்தாளிகளே பறவைகள், அவர்களுக்குப் போய் முட்டையா!

வாழையிலை விரித்த மண்பானையில் மாவை ஊற்றினாள். பானையை மூடி, அடியிலும் தணல், மூடியின் மேலும் தணல் போட்டாள். பிறகு பக்கத்துப் புதரிலிருந்த வேலப்பன் என்ற முள்ளம்பன்றியைக் கூப்பிட்டாள்.

"வேலப்பா, நாவல் மர நிழல் அந்த வெள்ளைப் பாறையைத் தொடுற வரைக்கும் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. நடுவுல திறந்தா கேக் அமுங்கிப்போகும். நானே வந்தாலும் விடாதே!"

"நீங்களே வந்தாலுமா அக்கா?"

"நான்தான்டா முதல்ல வருவேன்!"

வேலப்பன் பானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

பலாவும் காபியும் கலந்த மணம் காட்டைத் தூக்கியது. சிங்காரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடி திறந்தால் போதும், ஒரு கை அள்ளிக்கொண்டு மரமேறிவிடலாம்!

"ஐயையோ, கருகுது! வாடை வரலையா? திற, திற!"

"வரலை," என்றான் வேலப்பன்.

"உனக்குச் சளி பிடிச்சிருக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும்," என்று முள்ளைச் சிலிர்த்தான் வேலப்பன். குரங்கு ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டான்.

நிழல் பாறையைத் தொட இன்னும் நாலு முழம் இருந்தது. அப்போது வானத்தில் கீச் கீச் என்று சத்தம். குருவிகள்! இந்த வருஷமும் முன்னதாகவே வந்துவிட்டன!

"வாங்க, வாங்க!" என்றாள் கருப்பாயி. ஓரக்கண்ணால் நிழலைப் பார்த்துக்கொண்டாள். குருவிகள் சிறகு தொங்க வாசலில் இறங்கின. "நல்லாயிருக்கியா கருப்பாயி?" என்று கேட்டாள் அவற்றுக்குத் தலைவியான வெள்ளையம்மா. ஒரு குருவியும் அடுப்புப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் கருப்பாயிக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

"அவ்வளவு தூரம் பறந்து வந்தவங்களுக்கு ஒரு வாய் கொடுக்க வக்கில்லை. நல்ல மரியாதை!" என்று மேலிருந்து ஏற்றிவிட்டான் சிங்காரம்.

கருப்பாயி அடுப்புக்கு ஓடினாள். "தள்ளு வேலப்பா!"

"மாட்டேன். நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

"இப்பவும் நான்தான் சொல்றேன், தள்ளு! மானம் போகுதுடா!"

வேலப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். "உங்க பானை, உங்க விருந்து. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். திறக்கிறது அவங்க பசிக்காகவா, உங்க மானத்துக்காகவா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டான்.

மூடியைத் தூக்கக் குச்சியை எடுத்தாள் கருப்பாயி. குகைக்குள் குட்டி காதைச் சொறிந்து முனகும் சத்தம் கேட்டது. குச்சியைக் கீழே போட்டாள். விருந்தாளிகளிடம் நடந்தாள்.

"வெள்ளையம்மா, சொல்லவே கூச்சமா இருக்கு. கேக் இன்னும் வேகலை. நிழல் அந்தப் பாறையைத் தொடுற வரைக்கும் பொறுத்துக்கணும். அதுவரைக்கும் சூடா காபி தர்றேன். போன வருஷம் வேகாததைத்தான் போட்டேன். மன்னிச்சிருங்க."

மேலே குரங்கு கிளுகிளுவென்று சிரித்தான்.

வெள்ளையம்மா வாலை ஆட்டினாள். "அடி பைத்தியமே! நாப்பது நாள் பறந்து வந்திருக்கோம். நாலு முழ நிழலுக்குப் பொறுக்க மாட்டோமா? போன வருஷம் நாங்க வேணாத விருந்தாளின்னுதான் நீ அப்படிப் போட்டேன்னு நினைச்சுக் கிளம்பிட்டோம்!"

"ஐயோ! அப்படியா நினைச்சீங்க?" கருப்பாயிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நாங்களும் வாய்விட்டுக் கேக்கலை. 'பிரமாதம்'னு புளுகிட்டுப் போனோம். சரி, காபியைக் கொண்டா!"

குருவிகள் காபியைக் குடித்துக்கொண்டே வழியில் பார்த்த ஊர்க்கதைகளைச் சொல்லின. காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று இரண்டு குருவிகள் குட்டியின் காதில் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தன. "அம்மா, கூசுது!" என்று சிரித்தது குட்டி. அது சிரித்து எத்தனை நாளாயிற்று!

வேலப்பன் நகர்ந்ததைப் பார்த்த சிங்காரம் சட்டென்று குதித்து மூடியில் கை வைத்தான். மேலே தணல் இருந்தது அவசரத்தில் தெரியவில்லை. "ஆ! அப்பா! வெந்துட்டேன்!"

"கேக்குக்கு முன்னாடி நீ வெந்துட்டியா?" என்றான் வேலப்பன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நிழல் பாறையைத் தொட்டது. கருப்பாயி மூடியைத் திறந்தாள். பானை வாய்வரை பொங்கி, பொன்னிறமாக நின்றது கேக்! வெட்டினால் உள்ளே துளி ஈரமில்லை. இந்த முறை யாரும் "பிரமாதம்" சொல்லவில்லை. அலகுகள் கொத்தும் சத்தம் மட்டும்தான் கேட்டது. குரங்குக்கும் ஒரு துண்டு கிடைத்தது. கை வெந்திருந்ததால் கருப்பாயியே ஊட்டிவிட்டாள்.

கடைசித் துணுக்கையும் கொத்தி முடித்துவிட்டு வெள்ளையம்மா நிமிர்ந்தாள். "பிள்ளைங்களா, நாணல்ல நல்ல இடமாப் பார்த்துப் பிடிங்க. இந்தப் பனிக்கு நாம வேற எங்கேயும் போகலை!"

வேகாததைப் பரிமாறி மானத்தைக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, "இன்னும் ஆகவில்லை, கொஞ்சம் பொறுங்கள்" என்று உள்ளதைச் சொல்வதே விருந்தாளிக்குச் செய்யும் நல்ல மரியாதை.