முதலாளியின் வெள்ளைக் கார்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அங்கே பாய்லருக்கு உமி தள்ளுகிறவள் நாச்சாயி. மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய சுயதணிக்கைப் படிவத்தை முதலாளி கந்தப்பன் அவளிடம் நீட்டினார்.

"பாய்லர் பாக்கறது நீதானே? வருசம் பூரா புகையே வரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தாள் நாச்சாயி. முதலாளி படிக்காமலே முத்திரை குத்தினார்.

அடுத்த வாரம் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்து அந்தப் படிவத்தை வாசித்தார்: "புகை இல்லை. சந்தேகமிருந்தால் முதலாளியின் வெள்ளைக் காரைப் புகைபோக்கிக்குக் கீழே நிறுத்திப் பார்க்கவும்." வாசித்துவிட்டு, "காரைக் கொண்டாங்க" என்றார்.

கந்தப்பன் பதறினார். "அங்க வேண்டாங்க! போன தடவை படிஞ்ச கரியே இன்னும் போகலை!"

அதிகாரி நாச்சாயியைப் பார்த்தார்.

"நான் இல்லைன்னுதானுங்க எழுதினேன்" என்றாள் அவள். "இருக்குதுன்னு சொல்றது முதலாளிங்க."