மைக் அணைவதற்கு முன்

தணிகாசலம் எலும்பு டாக்டர். அறுபதைத் தாண்டியபின் தேர்தலில் நின்று, ஜெயித்து, டெல்லிக்கு வந்தவர்.

சபை விவகாரங்களில் அவருடைய குரு இசக்கியம்மாள். அதே கட்சி, பக்கத்துத் தொகுதி, மூன்றாவது முறை எம்.பி. குருதான் சீடனைவிட வயதில் சின்னவர். இளம்பிள்ளை வாதம் வந்த கால், ஊன்றுகோல் வைத்து நடப்பார். சபாநாயகர் அனுமதியோடு உட்கார்ந்தபடியே பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் சபையில் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

டாக்டருக்கு ஒரு காரியம் இருந்தது. சூசைக்காகப் பேச வேண்டும்.

சூசை பனையேறி. மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுத்துக் கிடந்தார். வீடு வீடாக வந்து இப்படிப்பட்டவர்களைத் திருப்பிப் படுக்கவைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டும் நர்சுகளின் வண்டி மாவட்டம் முழுக்க நின்றுபோயிருந்தது. அவர் மனைவி ஆரோக்கியத்தால் ஒற்றை ஆளாக அந்த உடம்பைப் புரட்ட முடியவில்லை. டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் புண்ணை ஆற்றி அனுப்புவார்; வீட்டுக்குப் போனதும் மறுபடி வந்துவிடும். இன்னொரு முறை வந்தால் சூசையின் உடம்பு தாங்காது என்று டாக்டருக்குத் தெரியும்.

உறுப்பினர்கள் தொகுதியின் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தது. மூன்று நிமிடம். முடிந்ததும் மைக் அணைந்துவிடும்.

டாக்டர் எழுந்தார். சபாநாயகருக்கு வணக்கம் சொன்னார். தன்னை வேட்பாளராக்கிய கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னார், கொஞ்சம் அடைமொழிகளோடு. மாவட்டச் செயலாளரை விட முடியுமா? ஒன்றியச் செயலாளர்கள் வருத்தப்படுவார்களே? வாக்களித்த பெருமக்களின் பாதங்களைத் தொட்டு வணங்கினார். மணி அடித்தது.

"எங்கள் தொகுதியில் சூசை என்று ஒருவர்..."

மைக் அணைந்தது.

சாயங்காலம் சூசையே போன் செய்தார். படுத்தபடி டிவியில் பார்த்திருக்கிறார்.

"டாக்டரய்யா, நல்லா பேசினிய. நம்ம விஷயம் வரும்போது பாத்து கரண்டு போயிட்டுல்லா? டெல்லியிலயும் கரண்டு போவுமாய்யா?"

"போகும் சூசை" என்றார் டாக்டர்.

மறுநாள் பார்லிமென்ட் கேன்டீனில் குருவைத் தேடிப் போனார்.

"அம்மா, நீங்க எவ்வளவு பெரிய அனுபவசாலி. உங்களைப் போல ஒருத்தர் பக்கத்துத் தொகுதியில் கிடைத்தது எங்கள் மாவட்டம் செய்த..."

"டீ ஆறுது, டாக்டர்."

"இல்லம்மா, சொல்லணும். எனக்கு எல்லா வகையிலும் வழிகாட்டியா..."

இசக்கியம்மாள் மேஜையில் சாய்த்திருந்த ஊன்றுகோலை விரலால் லேசாகத் தள்ளினார். அது தடாலென்று விழுந்தது. டாக்டர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"என்ன டாக்டர், தலைவருக்கு நன்றி சொல்லாமலே எடுத்துட்டீங்க?"

இசக்கியம்மாள் சிரித்துக்கொண்டே தன் வடையில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார்.

அடுத்த வாரம் மறுபடி வாய்ப்பு வந்தது.

"சூசை மல்லாந்து படுத்திருக்கிறார்" என்று ஆரம்பித்தார் டாக்டர். "அவரால் திரும்ப முடியாது. திருப்பிவிட வரவேண்டிய வண்டி வரவில்லை."

பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்த சுகாதார அமைச்சர், மொழிபெயர்ப்புக் கருவியை எடுத்துக் காதில் மாட்டினார்.

வண்டி ஏன் நின்றது, எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படிக் கிடக்கிறார்கள், எப்போது ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் உட்கார்ந்தார். மைக் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அமைச்சர் 'கவனிக்கிறேன்' என்பதுபோல் தலையாட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் கட்சியின் சபைக்குழுத் தலைவர் வழிமறித்தார்.

"நம்ம கட்சித் தலைவர் பேரே வரலையே? அடுத்த தடவை சீட்டு வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அய்யா, இன்னைக்குக் கரண்டு போகலய்யா" என்றார் சூசை.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்வாரத்து பெஞ்சில் இருந்த குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நேரம் மிச்சம் இருந்தது. கடைசியிலயாவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாமோ?"

"வண்டி கிளம்பிட்டுதா, டாக்டர்?"

"இன்னும் இல்லை."

"சூசையைத் திருப்பிப் போட்டாச்சா?"

"இல்லை."

"அப்ப நன்றிக்கு என்ன அவசரம்? கீழே கிடக்கிற அந்தக் கம்பை எடுங்க. மந்திரி கார்ல ஏறதுக்குள்ள பிடிச்சிரலாம்."

டாக்டர் ஒன்றும் சொல்லாமல் குனிந்தார்.